நாய்க்காரர் நீட்டும் பணத்தை வாங்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் தபால் பட்டுவாடா செய்கிறேன். இரண்டு மாதம் முன்பு ஒரு வீட்டு வாசலில் நாய் பாய்ந்து கெண்டைக்காலைக் குதறிவிட்டது. தையல் போட்டும் இன்னும் நொண்டித்தான் நடக்கிறேன். சிகிச்சைச் செலவை ஃபெடரல் (மத்திய அரசு) ஊழியர் இழப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. "அதோடு சரி, வேறெதுவும் கேட்க முடியாது" என்கிறார் சூப்பர்வைசர். "தபால் துறை மேலேயே கேஸ் போடு" என்கிறார் அண்ணன். நாய்க்காரரோ, "1,500 டாலர் தருகிறேன், ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, சேக்ரமென்டோ

பதில்: முதலில், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை அப்புறம் பார்ப்போம்.

அண்ணன் சொல்வது நடக்காது. 1916-இல் வந்த ஃபெடரல் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், யார் தவறு என்று கேட்காமலே மருத்துவச் செலவும் சம்பளத்தில் ஒரு பங்கும் தருகிறது. உங்களை நம்பிப் பிழைப்பவர்கள் இருந்தால் முக்கால் பங்கு, இல்லாவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு. அதற்குப் பதிலாக, வேலையில் பட்ட காயத்துக்கு அரசின் மேல் வழக்குப் போடும் உரிமை இல்லை.

சூப்பர்வைசர் சொல்வதும் தவறு. நாய்க்காரர் அரசாங்கம் இல்லையே! கலிஃபோர்னியாவின் நாய்க்கடிச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. தபால் விதிகளின்படி கடமை செய்ய ஒரு வீட்டு எல்லைக்குள் நுழைபவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். "எங்கள் நாய் இதுவரை யாரையும் கடித்ததில்லை" என்ற சமாதானமும் அங்கே எடுபடாது. இழப்பீட்டுத் திட்டம் வலிக்கும் மனவேதனைக்கும் காசு தராது. நாய்க்காரர் மேல் போடும் வழக்கில் அதையும் கேட்கலாம். பெரும்பாலும் அவருடைய வீட்டு இன்சூரன்ஸ்தான் பணம் கட்டும். ஆகவே அவரிடம் அந்த விவரத்தைக் கேளுங்கள்.

ஆனால் வருகிற பணம் முழுதும் உங்களுக்கே என்று நினைத்துவிடாதீர்கள். அரசு உங்களுக்காகச் செலவழித்ததைத் திருப்பித் தர வேண்டும். ஒரு பேச்சுக்கு 60,000 டாலர் கிடைக்கிறது என்று வையுங்கள். வழக்கறிஞருக்கு மூன்றில் ஒரு பங்கு 20,000, வழக்குச் செலவு 2,000 போக மிச்சம் 38,000. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 7,600 டாலர், எப்படியும் உங்களுடையது. அரசு தொட முடியாது. அரசு செலவழித்தது 12,000 என்றால், வழக்கறிஞர் கட்டணத்தில் தன் பங்காக 4,000-ஐக் கழித்துக்கொண்டு 8,000 வாங்கிக்கொள்ளும். உங்கள் கையில் 30,000 நிற்கும். ஆனால் அதில் 18,400 (38,000-இல் உங்கள் 7,600-உம் அரசு செலவழித்த 12,000-உம் போக மிச்சம்) முன்பணக் கணக்கில் போய்விடும்: இதே காலுக்கு நாளைக்கு மறுபடி சிகிச்சையோ சம்பள இழப்பீடோ தேவைப்பட்டால், அந்தத் தொகை கழியும்வரை திட்டம் எதுவும் தராது. பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைச் செலவழித்துவிட்டுப் பின்னால் திண்டாடுகிறார்கள்.

1,500 டாலர் ஏன் ஆபத்து என்று இப்போது புரிந்திருக்கும். அரசு செலவழித்ததை அடைக்கவே போதாத தொகைக்குச் சமரசம் செய்ய, இந்தத் திட்டத்தை நடத்தும் தொழிலாளர் துறையின் ஒப்புதல் வேண்டும். அதில்லாமல் கையெழுத்துப் போட்டால் நாய்க்காரர் தப்பித்துக்கொள்வார். அரசுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொன்று, மூன்றாம் நபரிடம், அதாவது நாய்க்காரரிடம், இழப்பீடு கேட்கச் சொல்லித் தொழிலாளர் துறை எழுதினால் தட்டிக்கழிக்காதீர்கள். மறுத்தால் திட்டத்தின் பணமே நின்றுபோகலாம்.

கலிஃபோர்னியாவில் வழக்குப் போடக் கடித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. இழப்பீட்டு மனு நிலுவையில் இருக்கிறது என்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது. காயத்தின் படங்களையும் மருத்துவமனைக் காகிதங்களையும் பத்திரமாக வையுங்கள். நாய்க்கடி பற்றி உள்ளூர் விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நாய்க்கடி வழக்கு எடுக்கும் வழக்கறிஞர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் "ஃபெடரல் ஊழியர் வழக்கில் தொழிலாளர் துறைக்குத் திருப்பித் தரும் கணக்கைப் போட்டிருக்கிறீர்களா?" என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். விழித்தால் அடுத்தவரைப் பாருங்கள்.