தமிழ்நாட்டில் கல்லூரிச் செலவு எவ்வளவு, உதவித்தொகை அதில் எவ்வளவை ஈடுகட்டுகிறது? சரியான கணக்கு உண்டா?

"எல்லாம்தான் இலவசமாகிவிட்டதே, இன்னும் என்ன செலவு?" என்று கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் ஆய்வு மாணவராகவோ, போட்டித் தேர்வுக்குக் கட்டுரை தயார் செய்பவராகவோ இருக்கலாம். நான் ஒரு கலைக் கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன்.

கணக்கு துண்டு துண்டாக இருக்கிறது. அகில இந்திய உயர்கல்வி ஆய்வு என்று ஒன்று உண்டு. 2021-22 ஆண்டுக்கு அது சொன்ன தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18-23 வயதினர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் எவ்வளவு என்பது, 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. மேடைகளில் நீங்கள் கேட்பது இந்த எண்ணைத்தான். அது கல்லூரிகளிடம் கேட்டு வாங்கும் கணக்கு, மாணவர் வீட்டில் என்ன செலவானது என்று அதில் தெரியாது. வீட்டுக்கே போய்க் கேட்டது தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று, 2017-18-ல். கட்டணம், புத்தகம், போக்குவரத்து, தனிப்பயிற்சி, இதர செலவு என்று பிரித்துக் கேட்டார்கள். 2025-ல் மறுபடி கல்விச் செலவைக் கேட்டபோது பள்ளிக் கல்வியோடு நிறுத்திக்கொண்டார்கள். பொறியியலுக்குக் கட்டண நிர்ணயக் குழுவின் எண்கள் இருக்கின்றன. 2017-ல் சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற படிப்புக்கு 55,000 என்று வைத்தார்கள். விடுதிக் கட்டணமும் கல்லூரிப் பேருந்துக் கட்டணமும் அதற்கு வெளியே.

இவை எதிலுமே இல்லாத ஒன்று, பணம் எந்த மாதம் கைக்கு வந்தது என்பது. கட்டணம் ஜூனில் கட்ட வேண்டும், உதவித்தொகை பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். நடுவில் அந்தக் குடும்பம் என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை. கடன் வாங்கினார்கள், வட்டி கட்டினார்கள். அந்த வட்டியும் கல்லூரிச் செலவுதானே?

ஒரு மாணவியைச் சொல்கிறேன். வணிகவியல் முதலாண்டு, ஆதிதிராவிடர் வகுப்பு, அப்பா சுமைதூக்கும் தொழிலாளி. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கும் தொகை அது. விடுதி முன்பணத்துக்கும் 'இதர' கட்டணங்களுக்கும் அவள் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கியிருந்தார். இணையத்தில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேராகப் 'பட்டுவாடா ஆயிற்று' என்று வந்துவிட்டது. அவளோ தினமும் இடைவேளையில் வந்து, "சார், இன்னும் ஏறலை சார்" என்பாள். விண்ணப்பத்தில் எழுதிய கணக்கில் ஒரு பைசா இல்லை.

விஷயம் என்னவென்றால், அந்தப் பணம் ஆதாரைப் பார்த்துப் போகிறது. விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணை அது பார்ப்பதில்லை. பள்ளியில் படிக்கும்போது ஊரில் ஒரு வங்கியில் தொடங்கிய கணக்கோடுதான் அவள் ஆதார் இணைந்திருந்தது. அந்தக் கணக்கு பல நாளாக இயக்கத்தில் இல்லை. அதை உயிர்ப்பிக்க அவளே ஊருக்குப் போய் வங்கியில் நிற்க வேண்டும். துணைக்குப் போன அம்மாவுக்கு அன்றைக்குக் கூலி போச்சு. போன முதல் தடவையிலேயே வேலை முடிந்துவிடவில்லை. பணம் அவள் கைக்கு வரும்போது செமஸ்டர் தேர்வு முடிந்து விடுமுறை விட்டாகிவிட்டது. குழுக் கடனுக்கு வட்டி போய்க்கொண்டே இருந்தது.

மாநிலக் கணக்கில் அவள் 'உதவித்தொகை பெற்றவர்', உரிய ஆண்டில், முழுத் தொகையும். எண் பொய் சொல்லவில்லை, ஆனால் அவள் வீட்டில் நடந்தது அந்த எண்ணில் எங்கேயும் இல்லை. இதற்கப்புறம்தான் என் நோட்டில், பெயருக்கு எதிரே பணம் கைக்கு வந்த தேதியையும் மாணவரிடமே கேட்டு எழுத ஆரம்பித்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. அந்த நோட்டைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு.

உடனே யாராவது வந்து "அரசைக் குறை சொல்கிறான்" என்று எழுதுவார்கள். அப்படி இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் வந்தன. தொகை சிறியதுதான், ஆனால் மாதாமாதம் வருவதை நம்பி ஒரு பெண் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் திட்டம் போட முடிகிறது. ஆண்டுக் கடைசியில் மொத்தமாக வரும் பெரிய தொகையைவிட இது பயன்படுவதை நானே பார்த்தேன். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம் இருக்கிறது. வீட்டுச் செலவைக் கேட்கும் ஆய்வில் இது 'போக்குவரத்துச் செலவு: இல்லை' என்று பதிவாகுமே தவிர, உதவி என்ற பக்கத்தில் ஏறாது. ஆக, உதவியையும் நாம் குறைத்தே அளக்கிறோம். இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பேசுகிறேன்.

சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவு என்றால் வேண்டாத ஊழியர்களைத் தள்ளிவிடும் இடம். சர்வர் படுத்தால் நாங்கள்தான் திட்டு வாங்க வேண்டும், தணிக்கை ஆட்சேபணை வந்தால் பதில் எழுதுவதும் நாங்கள்தான். ஆண்டு விழாவில் ஒலிபெருக்கிக்காரருக்குக்கூட நன்றி சொல்வார்கள். பிள்ளைகளுக்குக் கோடிக்கணக்கில் பணம் வாங்கிக் கொடுத்த மேசைக்கு ஒரு வார்த்தை கிடையாது. இது இன்னும் மனதில் இருக்கிறது.

சரி, நீங்கள் உண்மையிலேயே இதை அளக்க நினைத்தால், கல்லூரிகளுக்குப் படிவம் அனுப்பாதீர்கள். மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஜூனிலிருந்து அடுத்த ஜூன் வரை அதே ஆட்களிடம் மாதாமாதம் கேளுங்கள். வீட்டிலிருந்து வருபவர், விடுதி, வெளியில் அறை எடுத்தவர் மூவரையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் யாருக்கும் பொருந்தாத ஒரு தொகைதான் கிடைக்கும். அவ்வளவு வசதி இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். மாவட்ட வாரியாக மூன்று விவரம் கேளுங்கள்: விண்ணப்பம் ஏற்கப்பட்ட தேதி, வங்கிக் கணக்கில் வரவான தேதி, வரவாகாமல் திரும்பிய பட்டுவாடாக்கள் எத்தனை. மூன்றாவதைத் தர யோசிப்பார்கள். மேல்முறையீடு வரைக்கும் போகத் தயாராக இருங்கள்.