மாடி ஹீட்டரிலிருந்து கீழ்க் குளியலறைக்கு: வாசகர் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் இரட்டை மாடி வீடு. மேலே 50 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர். முட்டிவலியால் அம்மா மாடி ஏறுவதில்லை. அதிலிருந்தே கீழேயும் சுடுதண்ணீர் இழுக்கலாமா?

இழுக்கலாம். ஆனால் குழாயை விடத் தொட்டியின் கொள்ளளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே ஏறக்குறைய 28 டிகிரி. தொட்டியில் 60 டிகிரி வைத்து 40 டிகிரிக்குக் கலந்தால், ஷவரில் விழுவதில் எட்டில் மூன்று பங்குதான் சுடுநீர். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஷவர் என்றால் 3 லிட்டர். 50 லிட்டர் தொட்டியில் உருப்படியாகக் கிடைப்பது 35 முதல் 40 லிட்டர். ஆக, ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம். இரண்டு ஷவரும் ஓடினால் ஆறே நிமிடம். மறுபடி சூடேற 2 கிலோவாட் எலிமெண்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். எல்லோரும் காலையில் ஒரே நேரத்தில் கிளம்பும் வீட்டில் சண்டைதான். அம்மா பகலில் குளிப்பவர் என்றால் தாராளமாகப் போதும்.

ஒரு ஷவருக்கு 20 மி.மீ. பிபிஆர் (சுடுநீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயே சரி. 'எதற்கும் 25 போடுங்கள்' என்பார்கள், கேட்காதீர்கள். 10 மீட்டர் ஓட்டத்தில் 20 மி.மீ. குழாய்க்குள் ஆறிக் கிடப்பது 1.4 லிட்டர், 25 மி.மீ.யில் 2 லிட்டருக்கும் மேல். ஒவ்வொரு முறையும் அதைக் கீழே விட்டால்தான் சூடு வரும். சீலிங்கில் பீமைத் தாண்ட குழாயை மேலே வளைத்து இறக்காதீர்கள்; அந்தக் கூனில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் நூலாக வரும். வேலை முடிந்ததும் சுடுநீர்க் குழாய் கக்கிக் கக்கி வருவது நின்று சீராக ஓடிய பிறகே சுவிட்சைப் போடவும். வெறும் தொட்டியில் போட்டால் எலிமெண்ட் கருகும்.

ஜெலுத்தோங் வீட்டில் அப்படித்தான் இழுத்தோம். சுடுதண்ணீர் தனியாக வருகிறது. பச்சைத் தண்ணீரைத் திறந்தால் நின்றுவிடுகிறது.

கீழே பச்சைத் தண்ணீரை, தெருக் குழாயிலிருந்து சமையலறைக்கு வரும் நேரடி லைனிலிருந்து எடுத்திருப்பார்கள். ஹீட்டருக்கு வருவதோ கூரைத் தங்கியில் (தண்ணீர்த் தொட்டியில்) இருந்து இறங்கும் தண்ணீர்; 4 மீட்டர் உயரம் கொடுக்கும் அழுத்தம் 0.4 பார்தான். பலமான லைன், இரண்டையும் கலக்கும் மிக்சர் குழாய் வழியாகச் சுடுநீரைத் திருப்பித் தள்ளுகிறது. செக் வால்வு (ஒருவழி வால்வு) போட்டால் பின்னோட்டம் நிற்கும், சுடுநீர் வராது. பச்சைத் தண்ணீரையும் அதே தங்கியிலிருந்து எடுப்பதுதான் தீர்வு.

சாதாரண பிவிசி குழாய் மலிவாக இருக்கிறதே?

60 டிகிரியில் தளர்ந்து மூட்டு விடும். பிஎன் 20 (அழுத்தத் தரம்) என்று போட்ட பிபிஆர் வாங்குங்கள். மூட்டை ஒட்ட, 20 மி.மீ. குழாயை 260 டிகிரியில் 5 விநாடி உருக்கினால் போதும்; அதிகம் உருக்கினால் உள்ளே பிதுங்கித் துவாரத்தையே அடைத்துவிடும்.

ஹீட்டர் வால்வு சொட்டுகிறது என்று பிளம்பர் மூடி போட்டுவிட்டார்.

இன்றே எடுக்கச் சொல்லுங்கள். 50 லிட்டர் 60 டிகிரிக்குச் சூடேறும்போது அரை லிட்டருக்கு மேல் விரிகிறது. அது வெளியேறும் வழி அந்தப் பாதுகாப்பு வால்வு. சூடேறும்போது சொட்டுவது இயல்பு. நாள் முழுக்க ஒழுகினால் வால்வை மாற்றுங்கள்.

குழாய் வேலையே வேண்டாமென்று கீழே 3.6 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் வைத்தால், இருக்கும் பிளக்கில் செருகலாமா?

கூடாது. 230 வோல்ட்டில் அது இழுப்பது 15.7 ஆம்பியர், 13 ஆம்பியர் பிளக் உருகிவிடும். தனி 20 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்), 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, இரட்டைத் துருவ சுவிட்ச், எர்த், 10 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (மின்சாரம் கசிந்தால் உடனே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) எல்லாம் வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் செய்யட்டும். ஆர்சிடியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லையென்றால் அதை மாற்றும்வரை பச்சைத் தண்ணீர்க் குளியல்தான்.