முத்திரை இருந்தால் போதுமா? பாதுகாப்புப் பொருள்கள் வாங்குவது பற்றி வாசகர் கேள்விகள்

என் மகன் பைக்கில் கல்லூரிக்குப் போகிறான். புறவழிச்சாலை ஓரத்தில் 350 ரூபாய்க்குத் தலைக்கவசம் கிடைக்கிறது. கடையில் 1,200 ரூபாய் கேட்கிறார்கள். இரண்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை ஒட்டியிருக்கிறது, பார்வைக்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்? – ஒரு தாய், திண்டுக்கல்

அம்மா, விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன். 1,200 ரூபாயில் ஒரு பகுதி வண்ணத்துக்கும் விளம்பரத்துக்கும் போயிருக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது விலையையோ பளபளப்பையோ அல்ல; முத்திரைக்குக் கீழே இருக்கும் எண்ணை.

உண்மையான ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே அந்தப் பொருளுக்கான தர எண் இருக்கும். இரு சக்கர வாகனத் தலைக்கவசத்துக்கு அது ஐ.எஸ். 4151. முத்திரைக்குக் கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை. கடையில் நின்றபடியே அந்த உரிம எண்ணை அதில் போட்டால், உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்குத் தரப்பட்டது, இப்போதும் செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் வந்துவிடும். கையில் இருக்கும் தலைக்கவசத்தின் நிறுவனப் பெயரும் செயலி காட்டும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். எண்ணே இல்லாத முத்திரை அச்சகத்தில் அடித்த வெறும் காகிதம். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. தரச்சான்று இல்லாத இரு சக்கர வாகனத் தலைக்கவசத்தைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். அப்படியிருந்தும் சாலையோரத்தில் அவை மலைபோலக் குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோர். பிள்ளைக்குப் பாதுகாப்பு வாங்கிவிட்டோம் என்ற நம்பிக்கையோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

இரண்டும் ஒன்றுபோல இருப்பதாகச் சொல்கிறீர்கள். வெளி ஓடு ஒன்றுபோலத்தான் இருக்கும், வேறுபாடு உள்ளேதான். துணி உறைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். தெர்மாகோல் போன்ற, ஆனால் அதைவிட அடர்த்தியான ஒரு நுரை அடுக்கு இருக்க வேண்டும். தலை மோதும்போது அந்த நுரை நசுங்கி, மோதலின் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. மலிவான சரக்கில் பல சமயம் இருப்பது மெத்தைக்குப் போடும் பஞ்சு. அழுத்தினால் புசுக்கென்று அமுங்கிவிடும். மோதலில் அதனால் எந்தப் பயனும் இல்லை. அந்த நுரை ஒரு முறைதான் வேலை செய்யும் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். ஒரு விபத்தில் பலமாக அடிபட்ட தலைக்கவசம், வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும், மாற்ற வேண்டியதுதான். பழைய தலைக்கவசத்தை யாரிடமிருந்தும் வாங்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

வாங்கும்போது மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். தலையில் மாட்டித் தாடைப் பட்டையை இறுக்கிய பிறகு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த அளவு வேண்டாம். கன்னங்கள் லேசாக அழுந்தினால் சரியான அளவு. பட்டையைப் போடாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவது, அணியாமல் போவதற்குச் சமம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவும் பட்டையால் இறுக்கியிருக்க வேண்டும் என்றே சொல்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதி நீக்கம். பின்னால் உட்காருபவருக்கும் இதே சட்டம்தான். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் தலைக்கவசம் கட்டாயம். கட்டட வேலைக்குப் போடும் மஞ்சள் தொப்பியோடு பைக்கில் போகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறேன். அது மேலிருந்து விழும் கல்லுக்காகச் செய்யப்பட்டது. சாலையில் விழும் தலைக்கு அது உதவாது.

வீடு கட்டி இருபது வருடம் ஆகிறது. வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. ட்ரிப்பர் போடலாமா என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டேன். "எல்லா ரூமுக்கும் எம்.சி.பி. இருக்கிறதே, அது போதும்" என்கிறார். உண்மையா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, முதலில் அந்த மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். பிறகு மீதியைப் படியுங்கள். லேசான ஷாக் என்று ஒன்று கிடையாது. இன்றைக்குக் கால் காய்ந்திருக்கிறது, செருப்பு போட்டிருக்கிறீர்கள்; அதனால் லேசாக இருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அதே மெஷின் எமனாகிவிடும்.

உங்கள் எலெக்ட்ரீஷியன் சொன்னது தவறு. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ, வயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினாலோ அது விழும். ஆனால் மனித உடம்புக்குள் ஓடி இதயத்தின் துடிப்பையே குலைக்க, எம்.சி.பி. ஒன்று விழாமல் தாங்கும் 16 ஆம்பியர் தேவையில்லை. சுமார் 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. அது 16 ஆம்பியரில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாலும் அந்த எம்.சி.பி.க்கு எதுவும் தெரியாது.

உங்களுக்கு வேண்டியது நீங்கள் ட்ரிப்பர் என்று சொன்ன ஆர்.சி.சி.பி. பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். பேஸ் வழியாகப் போகும் மின்சாரமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். போனதில் கொஞ்சம் திரும்பவில்லை என்றால் அது வேறு எங்கோ, ஒருவேளை ஒருவருடைய உடம்பு வழியாக, தரைக்குப் போகிறது என்று பொருள். நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

கடையில் கேட்கும்போது '30 மில்லி ஆம்பியர்' என்று அழுத்திச் சொல்லுங்கள். 100, 300 என்றும் விற்கிறார்கள். தீப்பிடிப்பதைத் தடுக்க அவை உதவும், மனிதரைக் காக்க அவை போதாது. ஐ.எஸ். 12640 என்ற எண்ணும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டிய பிறகு அதன் முகப்பில் இருக்கும் 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

இருபது வருட வீடு என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்.சி.சி.பி. போட்டதும் அடிக்கடி விழத் தொடங்கலாம், மழைக்காலத்தில் இன்னும் அதிகமாக. சுவருக்குள் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது இரண்டு லைன்களின் நியூட்ரல் கலந்திருக்கிறது என்று அர்த்தம். சில எலெக்ட்ரீஷியன்கள் குறையைத் தேடாமல் "பீஸ் சரியில்லை" என்று சொல்லி அதைத் தாண்டி வயரைக் கொடுத்துவிடுவார்கள். பெட்டியில் ஆர்.சி.சி.பி. அழகாக உட்கார்ந்திருக்கும், வேலை மட்டும் செய்யாது. இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எர்த் இல்லாத இடத்தில் மூன்றாவது முனையை நியூட்ரலோடு சேர்த்துவிடுவதும் அதே போன்ற கொலைபாதக வேலை. நியூட்ரல் எங்காவது அறுந்தால் மெஷினின் உடம்பு முழுக்க மின்சாரம் ஏறிவிடும். எர்த் குழியையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. இருப்பதால் எர்த் தேவையில்லை என்று ஆகிவிடாது. உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள், கூலி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. வாஷிங் மெஷின் வாங்கும் பணத்தில் சிறு பங்குதான் இந்தச் செலவு மொத்தமும்.

கேஸ் அடுப்பு டியூபை எத்தனை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்? பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. – இல்லத்தரசி, திருப்பூர்

பார்க்க நன்றாக இருப்பதை நம்ப வேண்டாம். ஏஜென்சியில் கிடைக்கும் ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' டியூபுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. டியூபின் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும், ஐ.எஸ். 9573 என்ற எண்ணும் இருக்க வேண்டும். அதிகபட்சம் ஒன்றரை மீட்டர் நீளம். நடுவில் ஒட்டுப் போடக் கூடாது, மேலே துணி உறை மாட்டக் கூடாது. உறை போட்டால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சிலிண்டரின் கைப்பிடிக்குக் கீழே உள் பக்கத்தில் 'பி-27' போல ஓர் எழுத்தும் எண்ணும் எழுதியிருக்கும். அடுத்த சோதனைக்கான காலம் அது. ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. எண் ஆண்டைக் குறிக்கும். தேதி தாண்டிய சிலிண்டரை வாசலிலேயே திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னல் கதவுகளைத் திறங்கள். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும்; ஒரு பொறி போதும். வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

பவுண்டரியில் வேலை பார்க்கிறேன். பாதுகாப்பு ஷூ கொடுத்துவிட்டு, அதன் விலையைச் சம்பளத்தில் தவணையாகப் பிடிக்கிறார்கள். இது சரியா? – தொழிலாளி, கோயம்புத்தூர்

சரியில்லை, தம்பி. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புக் கருவிக்குத் தொழிலாளியிடம் பணம் வசூலிக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 114ஆம் பிரிவிலேயே சொன்னது. 2020ஆம் ஆண்டின் தொழிலகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். அங்கே எழுத்தில் புகார் கொடுக்கலாம். தனியாகப் போகத் தயங்கினால் நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்திடுங்கள், அல்லது சங்கத்தின் வழியாகக் கொடுங்கள். ஷூவில் ஐ.எஸ். 15298 என்ற எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். உருக்கிய இரும்புக்கு அருகில் நிற்பவருக்குக் கயிறு கட்டும் சாதாரண ஷூ ஆபத்தானது. தெறிக்கும் குழம்பு உள்ளே போகாத, நொடியில் கழற்றக்கூடிய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

சொந்தமாக பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். என் ஆட்களுக்கு இடுப்பு பெல்ட் வாங்கலாம் என்று இருக்கிறேன். போதுமா? – வாசகர், மதுரை

கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே பெரிய விஷயம். இடுப்பு பெல்ட் வேண்டாம். உயரத்திலிருந்து விழும் ஆளை இடுப்பில் மட்டும் இழுத்து நிறுத்தினால் முதுகெலும்பும் வயிற்று உறுப்புகளும் சேதமாகும்; சில சமயம் பெல்ட்டிலிருந்தே நழுவி விழுந்துவிடுவார். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட்டாக, ஐ.எஸ். 3521 முத்திரையோடு வாங்குங்கள்.

பெல்ட் வாங்குவதைவிடக் கொக்கியை எங்கே மாட்டுவது என்பதுதான் பெரிய கேள்வி. சாரத்திலேயே மாட்டினால் சாரம் சரியும்போது ஆளும் கூடவே போவார். மொட்டை மாடியில் தூண் போன்ற உறுதியான ஒன்றில் தனிக் கயிறு கட்டி, தலைக்கு மேலே இருக்கும்படி மாட்ட வேண்டும். ஒரு முறை ஆளைத் தாங்கிய பெல்ட்டை வெட்டிப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது மறுபடி எடுத்து மாட்டிக்கொள்வார்கள். தொங்குகிறவரை எப்படி இறக்குவது என்பதையும் வேலை தொடங்கும் முன்பே பேசி வையுங்கள். அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கும். சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். இந்தச் செலவை மதிப்பீட்டில் தனி வரியாகக் காட்டி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

கார் சீட் பெல்ட் அலாரத்தை நிறுத்தும் கிளிப் வாங்கலாமா? – வாசகர், சேலம்

வாங்கக் கூடாது. 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய இணைய விற்பனைத் தளங்களுக்கு எதிராக உத்தரவிட்டு, பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனைப் பதிவுகளை நீக்கவைத்த பொருள் அது. பெல்ட் போடாதவரை விரிந்து வரும் ஏர்பேக்கே காயப்படுத்திவிடும். பின் இருக்கைக்கும் பெல்ட் கட்டாயம். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில், பின்னால் இருந்த இருவரும் பெல்ட் அணியவில்லை என்று போலீசார் தெரிவித்தார்கள். விலை உயர்ந்த கார்தான் அது.

இணையத்தில் வாங்கிய குக்கரின் மூடி திடீரென்று தெறித்து என் மனைவியின் கை வெந்துவிட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தோம். "குக்கரை அனுப்புங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்கிறார் விற்றவர். என்ன செய்வது? – வாசகர், கடலூர்

உங்கள் மனைவி விரைவில் குணமடைய வேண்டும். குக்கரை எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள். உங்களிடம் இருக்கும் முதன்மையான சாட்சியே அதுதான். கழுவவும் வேண்டாம். மூடி, கேஸ்கட், வால்வு எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வைத்து, பல கோணங்களில் படம் எடுங்கள். ஆர்டர் விவரம், பில், பொருளின் விவரம் இருந்த பக்கம், விற்பனையாளரோடு நடந்த உரையாடல், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே படம் பிடியுங்கள், நாளைக்கு அது காணாமல் போகலாம்.

வீட்டு பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ். 2347 தரச்சான்று கட்டாயம். அது இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக 2022இல் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஆகவே "நாங்கள் தளம் மட்டும்தான்" என்ற பதிலைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுள்ள பொருளால் ஏற்பட்ட காயத்துக்குத் தயாரிப்பாளரிடமும் விற்றவரிடமும் இழப்பீடு கேட்க வழி செய்திருக்கிறது. சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாள்களின் கூலி, பட்ட வலி எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள், குக்கர் விலையை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பணத்தைத் திருப்பித் தரும்போது "இத்துடன் எல்லாம் தீர்ந்தது" என்ற ஒப்புதலைக் கேட்பார்கள். வழக்கு முடியும்வரை அதில் கையெழுத்திடவோ 'ஏற்கிறேன்' என்று அழுத்தவோ வேண்டாம்.