கறியில் கல்கண்டா?

கேள்வி: ஷாங்காய் பாணிப் பன்றிக்கறி செய்தேன். அரை கிலோ கறிக்கு 35 கிராம் கல்கண்டு என்று குறிப்பில் இருந்தது. மனம் ஒப்பாமல் பாதிதான் போட்டேன். கறி கசந்தது, சோயாவின் உப்பும் தூக்கலாக நின்றது. சீனர்கள் எல்லாக் கறியிலும் சர்க்கரை கொட்டுவார்களா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சர்க்கரையைக் குறைத்தது பெரிய தவறல்ல. எந்தச் சர்க்கரையைக் குறைத்தீர்கள் என்பதில்தான் கோளாறு.

இந்தக் கறிக்குச் சர்க்கரை இரண்டு முறை போகிறது. முதலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 15 கிராம் கல்கண்டைப் பொடித்துப் போட்டு, சிறுதீயில் தேன் நிறம் தாண்டிச் சிவக்கும் வரை உருக்க வேண்டும். இது நிறத்துக்கு. கருகக் கருகச் சர்க்கரை இனிப்பை இழக்கும். அரை நிமிடம் கூடுதலாக விட்டால் கசப்புதான் மிஞ்சும். உங்கள் கையிலிருந்த 17 கிராமும் இங்கேயே போய், கொஞ்சம் கருகியும் இருக்கிறது. பாகு சிவந்து சிறு நுரை கட்டியதும், ஏற்கெனவே கொதிநீரில் போட்டெடுத்து ஈரம் துடைத்த கறித்துண்டுகளைச் சேர்த்துப் புரட்டுங்கள். பிறகு 4 மேசைக்கரண்டி ஷாவ்சிங் அரிசி மது, 2 மேசைக்கரண்டி லைட் சோயா (உப்புக்கு), அரை மேசைக்கரண்டி டார்க் சோயா (நிறத்துக்கு), இஞ்சி, வெங்காயத்தாள், மூழ்கும் அளவு வெந்நீர். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாகு கட்டி தட்டும், கறியும் இறுகும்.

மூடி ஒரு மணி நேரம் சிறுதீயில் வெந்தபின், மீதி 20 கிராம் கல்கண்டு. சோயாவின் உப்பை அடக்குவதும் சாற்றுக்குப் பளபளப்புத் தருவதும் இதுதான். இதைத்தான் நீங்கள் போடவே இல்லை. இப்போது மூடியைத் திறந்து தீயைக் கூட்டிச் சாற்றை வற்றவிடுங்கள். அடிபிடிக்கும், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இனிப்பு பிடிக்கவில்லையென்றால் இந்த இரண்டாம் பங்கை 10 கிராமாக்குங்கள், லைட் சோயாவையும் ஒன்றரை மேசைக்கரண்டியாக்குங்கள். ஒன்றை மட்டும் குறைத்தால் மற்றது துருத்தும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 'சீனர்கள்' என்று மொத்தமாகப் பேசினால் பதிலே கிடையாது. கறியில் நாக்குக்குத் தெரியும்படி சர்க்கரை போடுவது யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்களின் பழக்கம்: ஷாங்காய், சூச்சோ, எல்லாவற்றுக்கும் மேலாக வூசி. வூசியின் விலா எலும்புக் கறி, நிறத்தில் சோயாவையும் முதல் கடியில் வெல்லப்பாகையும் நினைவூட்டும். அங்கே ஆவியில் வேகும் சாற்றுக் கொழுக்கட்டையின் உள்ளேகூட இனிப்பு இருக்கும். ஹூனான் மாகாணத்திலும் இதே பன்றிக்கறி உண்டு. அங்கே பாகு நிறத்துக்கு, மிளகாய் சுவைக்கு. சிச்சுவானின் குங்பாவ் சிக்கனில் சர்க்கரையும் கறுப்பு வினிகரும் ஏறக்குறைய சம அளவு, 300 கிராம் கோழிக்கு மூன்று மூன்று டீஸ்பூன். முதலில் புளிப்பு, பின்னால் இனிப்பு வர வேண்டும். லிச்சிப் பழச் சுவை என்றே அதற்குப் பெயர்.

'தெற்கே இனிப்பு, வடக்கே உப்பு' என்று சீனாவிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. தயவுசெய்து அதை வைத்துச் சமைக்காதீர்கள். டிராகன் படகுத் திருநாளில் இலையில் பொதிந்து வேகவைக்கும் சோற்றில் பெய்ஜிங்காரர்கள் இலந்தைப்பழம் வைப்பார்கள். தெற்கே ஜியாசிங்கில் சோயாவில் ஊறிய பன்றிக்கறி. சோயாப்பால் தயிர்க்கட்டிக்கு வந்தால் தலைகீழ்: பெய்ஜிங்கில் உப்புக்குழம்பு, தெற்கே குவாங்சோவில் சர்க்கரைப்பாகு. 11ஆம் நூற்றாண்டில் ஷென் குவோ என்ற சீன அறிஞர் எழுதிவைத்ததோ, தெற்கத்தியருக்கு உப்பு பிடிக்கும், வடக்கத்தியருக்கு இனிப்பு பிடிக்கும் என்று! 1127இல் வடக்குத் தலைநகர் கைஃபெங் விழுந்து, அரசவையும் மக்களும் திரளாகத் தெற்கே வந்தபோது இனிப்பு விரும்பும் அந்த நாக்கும் கூடவே வந்தது என்பது பலர் தரும் விளக்கம்.

வூசிக்காரர்களுக்கு இந்த இனிப்பு ஏன் திகட்டுவதில்லை? கொழுக்கட்டைக்குப் பக்கத்தில் வினிகரும் இஞ்சிச் சீவலும் இருக்கும். கறியை யாரும் கிண்ணம் நிறையச் சாப்பிடுவதில்லை. உப்பே போடாத வெறும் சோற்றோடு இரண்டு மூன்று துண்டு, பக்கத்தில் ஒரு கீரை வதக்கல், அவ்வளவுதான். அடுத்த முறை நீங்களும் அப்படியே பரிமாறுங்கள். ஃப்ரைட் ரைஸுடன் வைத்தால் நிச்சயம் திகட்டும்.