சேற்றோடு இருக்கும்போதே வண்டியைப் பாருங்கள்

கேள்வி: நான்கு ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்றுகிடந்த ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. காட்டுப் பாதையிலும் ஆற்றுப் படுகையிலும் ஓடிய வண்டி. அடிப்பகுதி முழுவதும் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறது. “கழுவி, கீழே கறுப்புப் பெயின்ட் அடித்து வைக்கிறேன், அதன்பிறகு வந்து பாருங்கள்” என்கிறார் விற்பவர். காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். கழுவுவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். அந்தச் சேறுதான் வண்டியின் கதையைச் சொல்லும். சேறு எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். சக்கரத்தோடு நின்றிருந்தால் சாதாரணம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் அதன் அடியிலும் வண்டல் படிந்திருக்கிறது என்றால், எஞ்சின் தண்ணீரை உறிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. தண்ணீர் அழுத்தத்துக்குச் சுருங்காது. அது சிலிண்டருக்குள் புகுந்த நிலையில் பிஸ்டன் மேலே வந்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கும் மண் இருந்தால், வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது என்றே எண்ணி விலகிவிடுங்கள்.

அடுத்தது சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம். வண்டியின் உடலில் உள்ள துரு கண்ணுக்குத் தெரியும், செலவும் கணக்கில் அடங்கும். சேசிஸ் துரு அப்படியல்ல. அது பெட்டி வடிவ இரும்புக்குள் மண் புகுந்து, ஈரத்தைப் பிடித்துவைத்து, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். ஒரு சிறிய சுத்தியலோடு கீழே குனிந்து, பின்சக்கர வளைவுக்கு மேலே, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களில், ஸ்டியரிங் பெட்டி பொருத்தியிருக்கும் இடத்தில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை ஊன்றினால் உள்ளே இறங்கிவிடும். கறுப்புப் பெயின்ட்டை அதன்மேல் அடித்துவிட்டால் இந்த வேறுபாடுகள் எல்லாம் மறைந்துபோகும். பழைய வண்டியின் அடிப்பகுதி மட்டும் புதிதாகப் பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். விற்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்கமாட்டார். ஆனாலும் அந்தப் பெயின்ட்டால் உங்களுக்கு நன்மை ஒன்றும் இல்லை.

ஆவணத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் இரும்பில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கவும் அந்த இடத்துச் சேற்றை நீங்களே துடையுங்கள்.

கேள்வி: வண்டியை வாங்கிவிட்டேன். டீசல் எஞ்சின். புதிய பேட்டரி போட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிடலாம் என்று தம்பி அவசரப்படுகிறான்.

பதில்: தம்பியின் கையிலிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர்களிலிருந்து ஆயில் வழிந்து கீழே இறங்கியிருக்கும், பிஸ்டன் வளையங்கள் லேசாகத் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டரின் வேகத்தில் திடீரென்று சுழற்றினால் வளையமோ சுவரோ சேதமாகும். நன்றாக இருந்திருக்கக்கூடிய எஞ்சினை அந்த ஒரு நிமிட ஆசையில் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் கவலையில்லை. வெளுத்துக் குழம்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. காரணம் தெரியும்வரை மேற்கொண்டு எதுவும் செய்யக்கூடாது. ஆயில் சரியாக இருந்தால், டீசல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சூடேற்றும் குளோ பிளக்குகளை மெக்கானிக்கிடம் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் எஞ்சினின் சுழலும் தண்டு முனையில் உள்ள கிராங்க் போல்ட்டில் நீளமான ஸ்பேனரை மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இரண்டு சுற்று என்பது ஒரு முழு இயக்கச் சுழற்சி. எல்லா வால்வுகளும் ஒருமுறை திறந்து மூடிவிடும். எங்கேயாவது கெட்டியாக நின்றால் நிறுத்திவிடுங்கள், பலம் காட்டக்கூடாது. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், அது ஓடாமல் நின்றாலும் ரப்பர் வயதாகும் என்பதால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

பழைய டீசலையும் வடித்தாக வேண்டும். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கி, அதுவும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புக் கொழகொழப்பாகப் படியும். அது இன்ஜெக்டர்வரை போனால் செலவு பெரிதாகும். டேங்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: பிரஷர் வாஷர் வைத்து ஒரே நாளில் எல்லாச் சேற்றையும் எடுத்துவிடலாமா?

பதில்: காய்ந்த சேற்றை முதலில் ஊறவிடுங்கள். மெதுவாக ஓடும் தண்ணீரில் நனைத்து, சிறிது நேரம் விட்டு, மறுபடி நனைத்தால் கட்டி கட்டியாகத் தானே விழும். பிரஷர் வாஷரைச் சக்கர வளைவுக்கும் உடலின் அடித்தட்டுக்கும் பயன்படுத்தலாம். சக்கர பேரிங் சீல், ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, ரேடியேட்டர் ஆகியவற்றின் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனால் கிரீஸைக் கெடுத்துவிடும்.

ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் அடைத்த மண்ணை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி, குறைந்த அழுத்தத்தில் கழுவ வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் மண் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் உள்ள இடுக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சமவெளியில் நன்றாக ஓடிய வண்டி மேட்டில் ஏறும்போது கொதிப்பதற்கு அந்த இடுக்கில் உள்ள மண்ணே போதும்.

சேசிஸ் பெட்டியின் பக்கவாட்டில் ஓட்டைகள் இருக்கும். ஒன்றில் குழாயை நுழைத்துத் தண்ணீர் விடுங்கள். மறு ஓட்டையில் முதலில் மண்ணும் துருச் செதிலும் வரும், பிறகு செம்மண் நிறத் தண்ணீர் வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை நிறுத்தாதீர்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் வண்டியின் ஆயுளைக் கூட்டுவதில் இதற்கு இணையானது வேறில்லை. பிறகு பல நாட்கள் நன்றாக உலரவிட்டு, உள்பக்கத்தில் துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்சலாம். ஈரத்தின்மேல் எதையும் பூசாதீர்கள். அது துருவை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும்.

வண்டியின் அடியில் படுப்பதற்கு முன் உறுதியான ஸ்டாண்டுகளில் அதைத் தாங்கவைத்திருக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். அதை நம்பி அடியில் போனவர்கள் உயிரை இழந்திருக்கிறார்கள்.

கேள்வி: பின் ஆக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலில் இருந்து வடித்த ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கிறது. ஆக்சிலையே மாற்ற வேண்டுமா?

பதில்: உடனே அந்த முடிவுக்குப் போகாதீர்கள். அது தண்ணீர் கலந்த ஆயில். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. அதன் மூச்சுக்குழாயான பிரீதர் மண்ணால் அடைத்திருந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். அதன் குழாயை எஞ்சின் அறைவரை நீட்டிவைத்தால் இன்னும் நல்லது.

வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதைத் துணியில் துடைத்துப் பாருங்கள். மாவுபோன்ற சாம்பல் பசை தேய்மானம், அது இயல்பு. விரலில் குத்தும் இரும்புச் சில்லு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது, பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். சில்லு இல்லையென்றால் புதிய ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்றுங்கள். பிறகு முனகலோ இரைச்சலோ இல்லையென்றால் ஆக்சில் தப்பித்தது. எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் முன் ஆக்சிலையும் இதேபோல் பாருங்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஆயில் ஊற்றும் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். எல்லா ஆயிலையும் வடித்தபிறகு மேல் போல்ட் துருவில் இறுகித் திறக்காமல் போனால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

கேள்வி: உள்ளே தாங்க முடியாத நாற்றம். எலிக் கூடும் புழுக்கையும் கிடக்கின்றன. வாசனைத் திரவம் போதுமா?

பதில்: போதாது. உலர்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது, வாக்குவம் வைக்கவும் கூடாது. அந்தத் தூசியை மூச்சில் இழுப்பதால் கடுமையான நோய்கள் வரலாம். கதவுகளைத் திறந்து காற்றாடவிட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்து தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறியபின் காகிதத்தால் வழித்தெடுங்கள். வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தையும் அதோடு கலக்காதீர்கள், நச்சு வாயு உண்டாகும்.

பிறகு இருக்கைகளையும் தரைவிரிப்பையும் கழற்றி வெளியே போடுங்கள். விரிப்புக்கு அடியில் உள்ள பஞ்சுதான் ஈரத்தைப் பிடித்துவைக்கும், நாற்றமும் தரைத் துருவும் அங்கேதான் தொடங்குகின்றன. ஹீட்டரின் காற்றுப் பெட்டியைத் திறந்து பாருங்கள், எலிக்குப் பிடித்த இடம் அது. பேட்டரியை இணைப்பதற்கு முன் ஒயர்களைக் கையால் தடவி, கடித்த இடங்களைச் சரிசெய்யுங்கள். சீட் பெல்ட்டுக்குப் பிளீச் ஆகாது, அதன் இழை வலுவிழந்துவிடும். மென்மையான சோப்பும் தண்ணீரும் போதும். ஓரம் கடிபட்டிருந்தால் பெல்ட்டையே மாற்றுங்கள்.

கேள்வி: கையில் இருக்கும் பணத்தில் பெரிய டயரும், சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் வின்ச்சும் முதலில் வாங்கலாமா? பழைய டயர்களில் பள்ளம் நன்றாகவே இருக்கிறது.

பதில்: முதல் பணம் பிரேக்குக்குப் போகட்டும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கான சோதனையில் அதற்குரிய குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும். ஆயிலையும் ரப்பர் ஹோஸ்களையும் மாற்றி, டிரம்முக்குள் இறுகிய மண்ணை எடுங்கள். அடுத்தது ஸ்டியரிங் மூட்டுகள்.

டயரில் பள்ளத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கச் சுவரில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பத்து ஆண்டுகளைத் தாண்டிய டயரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், கழற்றிவிடுங்கள். வாங்கும்போது நான்கையும் ஒரே அளவில் வாங்குங்கள். முன்னும் பின்னும் அளவு மாறினால், நான்கு சக்கரமும் இணைந்து ஓடும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறிச் சேதமாகும். இதே காரணத்தால், முன் பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் ஃபோர் வீலைச் சோதிக்க விரும்பினால் தார்ச்சாலையில் வேண்டாம், இளகிய மண்ணில் போட்டுப் பாருங்கள். வின்ச் அடுத்த ஆண்டு வாங்கலாம்.