நாடகம் படிக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

நான் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், பல துறைப் பாடங்களையும் கலந்து படிக்கிற ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். அப்பா உரக்கடை வைத்திருக்கிறார். பொருளாதாரம் படிப்பதாகச் சொல்லி, கல்லூரி கொடுத்த உதவித்தொகையில்தான் இங்கே வந்தேன். முதல் ஆண்டில் கலைப் பாடம் ஒன்று கட்டாயம் எடுக்க வேண்டும் என்றார்கள். நேரம் ஒத்துவந்ததால் நாடக அறிமுக வகுப்பில் சேர்ந்தேன். அப்புறம் வளாக வேலையும் அங்கேயே கிடைத்தது. செட் போடும் பட்டறையில் வாரம் பத்து மணி நேரம். போன பருவத்தில் மேடைப்பேச்சு வகுப்பும் எடுத்தேன்.

இப்போது மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எதுவென்று எழுதிக்கொடுக்க வேண்டிய நேரம். பொருளாதாரத்தை விட்டுவிட்டு நாடகத்துக்கு மாறலாமா என்று இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "கூத்தாடுறதுக்கா அமெரிக்கா போன?" என்று கேட்டுவிட்டு போனை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். மூன்று வாரமாக என்னுடன் பேசவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. பேச்சு வகுப்பில் 'வி'யும் 'டபிள்யூ'வும் எனக்கு ஒரே மாதிரி வருகிறது என்று எல்லோர் முன்னாலும் நாலைந்து தடவை திருத்தினார்கள். மார்ச் மாத நாடகத்துக்கு ஆடிஷன் போனேன், பாத்திரம் கிடைக்கவில்லை. அதே நாடகத்துக்கு, மேடை வேலைகளை எல்லாம் ஒருங்கிணைக்கிற ஸ்டேஜ் மேனேஜராக இருக்கிறாயா என்று கேட்டார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த நாக்கை வைத்துக்கொண்டு நாடகம் படித்து என்ன செய்யப்போகிறேன் என்று ராத்திரியில் தோன்றுகிறது. மேடைக்கு விளக்கு கட்டும்போது மட்டும் இதெல்லாம் நினைவுக்கு வருவதில்லை.

நான் என்ன செய்யட்டும்?

ச.

*

அன்புள்ள தம்பி,

அப்பாவின் கோபத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய், நாக்கைப் பற்றி எழுதியிருக்கிறாய். விளக்கு கட்டுவதைப் பற்றி ஒரே ஒரு வரிதான். நான் அந்த வரியைப் பிடித்துக்கொள்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் என் அக்கா மகள் அயோவா மாநிலத்தில் உன் கல்லூரி மாதிரியே ஒரு கல்லூரியில் படித்தாள். உயிரியல் மாணவி. ஆனால் அந்த ஆண்டு நாடகத்துக்கு அவள்தான் ஸ்டேஜ் மேனேஜர். நாடகம் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தை டெக் வீக் என்பார்கள். சரியாக அந்த வாரத்தில் நான் அங்கே போய் இறங்கினேன். வசனத்தை எல்லாம் தாண்டிவிட்டு, வெளிச்சமும் ஒலியும் மாறுகிற இடங்களை மட்டும் திரும்பத் திரும்பச் செய்துபார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் காதில் ஹெட்செட், முன்னால் நாடகப் பிரதி, அதன் ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. "விளக்கு முப்பத்திரண்டு, ரெடி" என்பாள். மேடையில் ஒரு பெண் கடிதத்தை மடித்து முடிக்கும்வரை காத்திருப்பாள். "கோ." மேடை அந்தி வெளிச்சத்துக்கு மாறும். அரை நொடி பிந்தினாலும் மறுபடி முதலிலிருந்து. ராத்திரி பதினொரு மணிக்கும் அவள் குரல் உயரவில்லை, அவசரப்படவும் இல்லை. வீட்டில் நாலு பேர் கூடினால் வாயே திறக்காத பெண் அவள்.

அந்த நாடகத்தின் கதாநாயகியை மறுநாள் காலை பட்டறையில் பார்த்தேன், மூக்குக்கண்ணாடி மேலெல்லாம் மரத்தூளுடன். கடைசிக் காட்சி முடிந்த ராத்திரியே எல்லோரும் சேர்ந்து செட்டைப் பிரித்தார்கள். நடித்தவர்கள் வேஷத்தைக் கலைத்துவிட்டு வந்து ஆணி பிடுங்கினார்கள். நாடகம் சொல்லித்தருகிற பேராசிரியரும் குனிந்து திருகாணி பொறுக்கிக்கொண்டிருந்தார். பெரிய பல்கலைக்கழகங்களில் முதுகலை மாணவர்கள் இருப்பார்கள், இயக்கமும் பெரிய பாத்திரங்களும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் போகும். சிறிய கல்லூரியில் பெரும்பாலும் முதுகலையே கிடையாது. இருக்கிற கொஞ்சம் பேர்தான் எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். நீ பட்டறையில் செய்வது நாடகத்துக்கு வெளியே நிற்கிற வேலை இல்லை தம்பி. நீ ஏற்கெனவே நாடகம் படித்துக்கொண்டிருக்கிறாய்.

உனக்கு ஹாலி ஃபிளானகன் என்ற அமெரிக்க நாடக இயக்குநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே அயோவாவில் கிரின்னெல் என்ற சின்ன ஊர், அதில் அதே பெயரில் ஒரு கல்லூரி. அங்கே 1911இல் படித்து முடித்தவர். கணவரும் ஒரு மகனும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு ஹார்வர்டில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் நடத்திய நாடகப் பட்டறைக்குப் போய்க் கற்றுக்கொண்டு, கிரின்னெலுக்கே திரும்பிவந்து சொல்லிக்கொடுத்தார். 1925இல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள வாஸர் கல்லூரிக்குப் போனார். அப்போது அது பெண்கள் கல்லூரி. அங்கே 1927இல் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ஒரு குட்டி நாடகத்தை ஒரே மாலையில் மூன்று விதமாகப் போட்டுக்காட்டினார். அதே வசனம்தான். மேடையும் உடலசைவும் பேசும் முறையும் ஒவ்வொரு தடவையும் வேறு. இப்படிப்பட்ட சோதனையை டிக்கெட் விற்றாக வேண்டிய தியேட்டரில் செய்வது கஷ்டம். கல்லூரி மேடையில் செய்யலாம்.

1930களில் பொருளாதாரம் சரிந்துகிடந்த பெருமந்த காலத்தில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கும் திட்டங்களைத் தொடங்கியது. அதை நடத்திய ஹாரி ஹாப்கின்ஸ் 1912இல் அதே கிரின்னெலில் படித்து முடித்தவர். நாடகக் கலைஞர்களுக்கான திட்டத்தை நடத்த 1935இல் அவர் ஹாலியைத்தான் கூப்பிட்டார். அந்தத் திட்டத்தில் ஒரு கட்டத்தில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் சம்பளம் வாங்கினார்கள். பிற்பாடு சினிமா இயக்குநராகப் புகழ்பெற்ற ஆர்சன் வெல்ஸ், இருபது வயதில், நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின நடிகர்களை வைத்து ஷேக்ஸ்பியரின் மெக்பெத் போட்டது அதில்தான்.

1938 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு ஒன்று ஹாலியை விசாரித்தது, திட்டத்தில் கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்கள் என்று. அவர் எழுதிய ஒரு கட்டுரையில் மார்லோவின் பெயர் வந்திருந்தது. "இந்த மார்லோ கம்யூனிஸ்டா?" என்று ஜோ ஸ்டார்ன்ஸ் என்ற உறுப்பினர் கேட்டார். அறையே சிரித்தது. ஹாலி சிரிக்கவில்லை. ஷேக்ஸ்பியருக்குச் சற்று முன்னால் வாழ்ந்த மிகப்பெரிய நாடகாசிரியர் அவர் என்று பதிவுசெய்துகொள்ளுங்கள் என்றார். ஆயிரக்கணக்கான பேருடைய வேலை அந்த மேஜைமேல் இருந்தது, சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? 1939 ஜூன் கடைசியில் திட்டத்தை மூடிவிட்டார்கள். அந்த ஒரு பதிலை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. குரல் பயிற்சி என்று நான் நினைப்பது அதைத்தான்.

இனி உன் நாக்கு. அதில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்து 'வி'க்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், 'டபிள்யூ'வுக்கு உதடு குவிய வேண்டும். நம் 'வ' இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. தமிழில் அந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தேவையே இல்லை, அதனால் உன் காது பிரிக்கப் பழகவில்லை. அவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் நாலைந்து தடவை திருத்தாமல், உதட்டை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு தடவை காட்டியிருந்தால் போதும். கண்ணாடி முன்னால் ஒரு மாதம் பழகு, வந்துவிடும்.

ஆனால் அதை எதற்குப் பழகுகிறாய் என்பதில் தெளிவாக இரு. அமெரிக்க நடிப்புப் பள்ளிகளில் ரொம்ப காலம் 'நல்ல உச்சரிப்பு' என்று ஒன்றே ஒன்றைத்தான் வைத்திருந்தார்கள். எடித் ஸ்கின்னர் என்ற ஆசிரியை அதை ஒலிக்குறிகளோடு கறாராகச் சொல்லிக்கொடுத்தார். டெக்சஸ்காரரும் புரூக்ளின்காரரும் ஊர்ப்பேச்சைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேடையேற வேண்டும். 1960களில் பிரிட்டனிலிருந்து வந்த கிறிஸ்டின் லிங்க்லேட்டர் வேறு வழியில் போனார். மூச்சையும் தாடையையும் இறுக்கமில்லாமல் விட்டு, அவரவர் குரலை வெளியே கொண்டுவருவது அவர் முறை. இரண்டிலும் பயன் உண்டு. உச்சரிப்பை ஒரு பாத்திரத்துக்கான உடுப்பு மாதிரி கற்றுக்கொள், நாடகம் முடிந்ததும் கழற்றி மாட்டிவிடலாம். கோவில்பட்டிக் குரலை எங்கேயும் கழற்றாதே. அடுத்த ஆடிஷனுக்கும் போ, அதற்கடுத்ததற்கும் போ.

சரி, படிப்புக்கு வருவோம். பொருளாதாரத்தை விடாதே. இரண்டையும் எடு. லிபரல் ஆர்ட்ஸ் பி.ஏ.வில் ஒரு மேஜர் மொத்தப் பாடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், இரண்டு மேஜர் தாராளமாக அடங்கும். நடிப்புக்கென்றே இருக்கிற பி.எஃப்.ஏ. படிப்பில் இது கஷ்டம், அங்கே பெரும்பகுதி மேடைப் பாடமாகவே இருக்கும். சிறிய கல்லூரிக்குப் போனதில் உனக்குக் கிடைத்த வசதி இது.

விசாவையும் யோசி. படிப்பு முடிந்ததும் உன் மாதிரி எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஓ.பி.டி. என்று பன்னிரண்டு மாதம் வேலை செய்ய அனுமதி கிடைக்கும். ஸ்டெம் என்கிற அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டியலில் உள்ள படிப்பென்றால் அதன்மேல் இன்னும் இருபத்துநான்கு மாதம். நாடகம் அந்தப் பட்டியலில் இல்லை. பொருளாதாரத்தைப் பல கல்லூரிகள் கணித அடிப்படையிலான பொருளாதாரம் என்ற குறியீட்டில் பதிவு செய்திருப்பதால், அங்கே அது பட்டியலுக்குள் வந்துவிடும். உங்கள் கல்லூரியில் எந்தக் குறியீடு என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நாளைக்கே கேள். மேஜர் எழுதிக்கொடுப்பதற்கு முன்னால் கேள்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அப்பாவிடம் பேசு. சினிமா நட்சத்திரங்களின் கதையை எடுத்துப் போகாதே. உன் ஒஹாயோவிலேயே கென்யான் கல்லூரியில் பால் நியூமன் படித்தார், 1978இல் திரும்பிவந்து புது அரங்கின் முதல் நாடகத்தை இயக்கினார், முதலாண்டு மாணவி அலிசன் ஜேனிக்கு அதில் பாத்திரம் கிடைத்தது. நிஜம்தான். ஆனால் இதைக் கேட்டால் பையன் நடிகனாகப் போகிறான் என்று அப்பா இன்னும் பயப்படுவார். அவருடைய பயம் நியாயமானது. கடன் கொடுத்து, வசூலித்து, ஒரு மழை தப்பினால் அதையும் தாங்கி உன்னை வளர்த்திருக்கிறார். நீ செய்கிற வேலையை அவருக்குப் புரிகிற மாதிரி சொல். புரட்டாசி விதைப்புக்கு உரம் வந்து இறங்கியாக வேண்டும், பத்து நாள் கழித்து வந்தால் யாருக்கும் உதவாது. நாடகமும் அதே மாதிரி. குறித்த தேதியில் ஏழரை மணிக்கு ஜனம் வந்து உட்கார்ந்துவிடும், ஒத்திவைக்க முடியாது. அதற்குள் முப்பது பேர் வேலையை ஒருவர் கோத்துக்கொடுக்க வேண்டும். அவருக்கு இது நன்றாகப் புரியும்.

மார்ச் நாடகத்துக்கு இன்றைக்கே சரி என்று சொல்லிவிடு. பாத்திரம் கிடைக்காதவனுக்கு ஆறுதலாகத் தருகிற வேலை இல்லை அது. பொறுப்பானவன் என்று பார்த்துவைத்துத்தான் கேட்டிருக்கிறார்கள். பிரதிக்கு ஓரம் அகலமாக விட்டு அச்செடுத்துக்கொள். பென்சிலில் எழுது, பேனா வேண்டாம். கடைசி நாள்வரை மாறிக்கொண்டே இருக்கும்.

அன்புடன்