இலவச நாப்கின் இருந்தும் மாணவிகள் ஏன் வாங்குவதில்லை?

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒரு வருடமாக மாணவிகளுக்கு இலவச நாப்கின் கொடுக்கிறோம். அலுவலக அறையில் கேட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு மாதம் ஒரு பாக்கெட். வாங்க வருபவர்கள் மிகக் குறைவு. அந்த நாட்களில் லீவு போடுவதும் குறையவில்லை. இப்போது ஒருவர், மூலிகை நாப்கின் மொத்தமாக மலிவு விலையில் தருவதாகவும், விழிப்புணர்வு வகுப்பையும் தானே நடத்துவதாகவும் சொல்கிறார். வாங்கலாமா? — ஓர் ஆசிரியை

பதில்: வாங்காதீர்கள் டீச்சர். அவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். உங்கள் பள்ளியில் கோளாறு நாப்கினில் இல்லை, அதைக் கொடுக்கிற விதத்தில் இருக்கிறது.

ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணின் இடத்தில் இருந்து பாருங்கள். பாடம் நடக்கும்போது ஈரம் தெரிகிறது. எழுந்து அனுமதி கேட்க வேண்டும். அலுவலக அறையில் யாருடைய அப்பாவோ உட்கார்ந்திருப்பார். அவர் காதில் விழ எழுத்தரிடம் சொல்ல வேண்டும். பிறகு நோட்டில் பெயர், வகுப்பு, தேதி, கையெழுத்து. மேலே இருக்கிற பெயர்களை அவள் படிக்கத்தான் செய்வாள். நாளைக்குத் தன் பெயரை இன்னொருத்தி படிப்பாள் என்றும் அவளுக்குத் தெரியும். இதற்கு டிஷ்யூவை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் அவள் நினைப்பாள். மறுநாள் லீவு.

மாதவிடாய்ப் பொருட்கள் யாருக்குத் தேவையோ அவர்களுக்கெல்லாம் இலவசம் என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2020 நவம்பரில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 2022 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. சுலபமாகக் கிடைக்க வேண்டும், வாங்குபவரின் கண்ணியம் கெடக்கூடாது, ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்க வேண்டும் என்ற மூன்றையும் அதில் எழுதியே வைத்தார்கள். உங்கள் பள்ளி கொடுக்கிறது, ஆனால் இந்த மூன்றும் அங்கே இல்லை.

அதனால் முதல் வேலையாக அந்த நோட்டை எடுத்துவிடுங்கள். மாணவிகளின் கழிப்பறைக்குள்ளேயே, ஈரம் படாத உயரத்தில், பூட்டில்லாத ஓர் அலமாரி வையுங்கள். முதல் சில வாரம் கைநிறைய எடுத்துக்கொண்டு போவார்கள். போகட்டும். வீட்டில் அக்காவுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை என்றால் வேறு என்ன செய்வார்கள்? நாளைக்கும் இங்கே இருக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் தேவைக்கு மட்டும் எடுக்கத் தொடங்குவார்கள். கணக்கு வேண்டுமென்றால் பெட்டிகளை எண்ணுங்கள், பெயர்களை எழுதாதீர்கள்.

மாதம் ஒரு பாக்கெட் என்ற அளவும் தவறு. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நாமே வகுப்பில் சொல்கிறோம். ஐந்து நாள் ரத்தப்போக்குக்குப் பதினைந்து, இருபது தேவைப்படும். ஆறோ எட்டோ இருக்கிற பாக்கெட் இரண்டாம் நாளே தீர்ந்துவிடும். மேலிடத்திலிருந்து வருகிற படிவங்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். எத்தனை பாக்கெட் விநியோகம் என்று ஒரு கட்டம் இருக்கும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, உள்ளே தண்ணீர் வருகிறதா, மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்கிறதா என்று கேட்க ஒரு கட்டம்கூட இருக்காது. தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒருத்தி கையால் பிடித்துக்கொண்டு நின்றால்தான் இன்னொருத்தி பேட் மாற்ற முடியும். இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் குறிப்பெடுத்துக்கொள்வதோடு சரி.

அடுத்து, அந்த மூலிகைக்காரர். இவர்களை எனக்கு நன்றாகவே தெரியும். மேஜைமேல் இரண்டு பேட் வைத்து, இரண்டிலும் நீலத் தண்ணீரை ஊற்றுவார். தன்னுடையது உறிஞ்சிவிடும், மற்றது கசியும். அப்புறம் ஒன்றைப் பிரித்துப் பஞ்சைக் கொளுத்திக் காட்டுவார். நடுவில் ஒரு பச்சையோ நீலமோ பட்டை இருக்கும். அதுதான் மூலிகை, அதுதான் அயனி, அது கர்ப்பப்பைக் கட்டியையும் புற்றுநோயையும் தடுக்கும் என்பார். எந்த நாப்கினும் எந்தப் புற்றுநோயையும் தடுக்காது. தண்ணீர் வேறு, மாதவிடாய் ரத்தம் வேறு. அது கெட்டியானது, அதில் சளியும் திசுவும் கலந்திருக்கும். நாப்கின், பிறப்புறுப்புக்குள் வைக்கும் டாம்பன், மாதவிடாய்க் கப் எல்லாம் எவ்வளவு தாங்கும் என்பதை மனித ரத்தத்தை வைத்தே ஒப்பிட்ட ஆய்வு 2023இல்தான் வெளியானது. மேஜைமேல் ஊற்றுகிற தண்ணீர் எதையும் நிரூபிக்காது. மூலிகையும் வாசனையும் சேர்த்த பேட் அந்த மெல்லிய தோலில் அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும் என்பதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

இலவசம் என்றாலே நல்லது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ரிலை என்ற டாம்பனை வீடு வீடாக இலவச மாதிரியாக அனுப்பினார்கள். மிக அதிகமாக உறிஞ்சும் என்பதுதான் அதன் பெருமை. பாக்டீரியா நச்சால் வந்து உயிரையே எடுக்கக்கூடிய நச்சு அதிர்ச்சி நோய்க்கும் அதற்கும் தொடர்பு தெரியவந்த பிறகு, 1980 செப்டம்பரில் திரும்பப் பெற்றார்கள். ஆகவே யாரிடம் வாங்கினாலும் தயாரிப்புத் தேதியையும், அதே பேட்ச் எண்ணுக்கான பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். "அனுப்பி வைக்கிறேன் மேடம்" என்றால் அறிக்கை வந்த பிறகு பேசுங்கள். வாசனை சேர்க்காத, சாதாரண பேட் போதும்.

லீவு ஏன் குறையவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நேபாளத்தில் மாணவிகளுக்கு மாதவிடாய்க் கப் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. கப்பை விரும்பிப் பயன்படுத்தினார்கள், ஆனால் பள்ளி வருகை சொல்லும்படியாக மாறவில்லை. வலியை எந்தப் பொருளும் குறைக்காது அல்லவா? வயிற்றுவலிக்கு இபுப்ரோஃபென் போன்ற மாத்திரையை, வலி தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு போட வேண்டும். துடித்துப்போன பிறகு போட்டால் பலன் குறைவு. வீட்டாரின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கி, பள்ளிச் செவிலியர் கையில் கொடுத்து வையுங்கள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். சில பெண்களுக்கு அலமாரி நிறைய நாப்கின் இருந்தாலும் போதாது. அவர்களை, "நிறைய எடுக்கிறாள்" என்று திட்டாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். என்னிடம் வந்த ஒரு பெண் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தாள். ரத்தப்போக்கு எப்படி என்று கேட்டேன். "நார்மல்தான்" என்றாள். எத்தனை பேட் என்று கேட்டபோதுதான் இரண்டை ஒட்டி வைத்துக்கொள்வதாகவும், இரவில் அலாரம் வைத்து எழுந்து மாற்றுவதாகவும் சொன்னாள். அம்மாவுக்கும் அப்படித்தானாம். அதனால் அவளுக்கு அது நார்மல். அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளிறிப்போயிருந்தது. ரத்தசோகையின் அறிகுறி அது.

ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்துகொண்டே இருப்பது, ஏழு நாளுக்கு மேல் போவது, இரண்டரை சென்டிமீட்டரைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள் விழுவது, இதில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை தேவை. முதல் மாதவிடாயிலிருந்தே இப்படி என்றால், மூக்கிலும் ஈறிலும் அடிக்கடி ரத்தம் வருமென்றால், ரத்தம் உறைவதில் குறை இருக்கலாம். வான் வில்லிபிரான்ட் நோய் என்று ஒன்று உண்டு. 1926இல் அதை விவரித்த மருத்துவர் முதலில் பார்த்த சிறுமி, தன் நாலாவது மாதவிடாயில் ரத்தப்போக்கு நிற்காமல் இறந்தாள். வயது பதின்மூன்று. இன்று இதற்கு மருந்து இருக்கிறது, யாரும் அப்படிச் சாக வேண்டியதில்லை. ஆனால் இதை முதலில் கவனிக்க முடிந்தவர் நானல்ல, நீங்கள்தான்.

வகுப்பை நாப்கின் விற்பவரிடம் விடவே விடாதீர்கள். பிறப்புறுப்புக்குள் கழுவத் தனித் திரவம் எதுவும் வேண்டாம், வெளியே தண்ணீர் போதும் என்பதை அதை விற்பவர் எப்படிச் சொல்லுவார்? பள்ளிச் செவிலியரோ ஓர் ஆசிரியையோ, முதல் மாதவிடாய் வருமுன்பே, ஒன்பது பத்து வயதிலேயே தொடங்கட்டும். எது நார்மல், எது இல்லை என்பதற்குப் பாதி நேரம் கொடுங்கள். பையன்களுக்கும் சொல்லிக்கொடுங்கள், கேலி அவர்களிடமிருந்துதான் வருகிறது.

அந்த நபருக்கு வேண்டாம் என்று எழுதும்போது, அவர் குறித்துக்கொடுத்த வகுப்புத் தேதியையும் ரத்து செய்துவிடுங்கள். பிறகு கையில் கொஞ்சம் பணம் இருந்தால், நாப்கினுக்கு முன்னால் தாழ்ப்பாள் வாங்குங்கள்.